கார்னேஷன்களைத் தூங்கவைத்த கடற்காற்று

கோடைப் பிற்பகலில் கடலிலிருந்து எழும் குளிர்காற்றைப் பெர்த் நகரத்தார் ‘டாக்டர்’ என்றே அழைப்பார்கள். டாக்டர் வந்துவிட்டால் வெக்கையும் புகையும் ஓடிவிடும் என்பது அவர்களுடைய அசையாத நம்பிக்கை. பூக்கடைக்காரி டானிட்சா மரினோவிச்சுக்கு அந்த நம்பிக்கை சற்று அதிகம். ஆகவேதான், இருபுறமும் எட்டு மாடிச் சுவர்கள் நெருக்கி நிற்கும் அந்தத் தெருவில், கடற்பக்கமான மேற்கு நடைபாதைக்காகச் சோப்புக்குமிழி விற்கும் நெவிலோடு நாணயம் சுண்டி ஜெயித்தாள்.

“டாக்டர் முதல்ல என் கடைக்குத்தான்யா வருவாரு! மிச்சம் மீதிதான் உனக்கு!”

“வரட்டும் மகாராணி, வந்து உன் வாய்க்கு மருந்து குடுக்கட்டும்!” என்றான் எதிர்ப்புறத்திலிருந்து நெவில்.

டாக்டர் தவறாமல் வந்தார். கார்னேஷன்களும் தவறாமல் தூங்கின. காலையில் பாவாடை விரித்து நின்ற பூக்கள், காற்று எழுந்ததும் இதழைச் சுருட்டித் தலையைத் தொங்கவிட்டன. பஸ் புகை பட்டால்தான் கார்னேஷன் அப்படித் தூங்கும். ஆனால் கடற்காற்று காவல் நிற்கும் பக்கத்தில் புகைக்கு என்ன வேலை? டானிட்சா வாளியை மாற்றினாள், தண்ணீரைத் திட்டினாள். செண்டு வாங்கிய மணப்பெண்கள் இருவர் கடைக்கே வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார்கள். இன்னொரு முறை அப்படி நடந்தால் கடையை மூட வேண்டியதுதான்.

மூன்றாவது மணப்பெண், அதே தெருவில் பஸ் ஓட்டும் கிளெனிஸ். மறுநாள் காலை கல்யாணம். வெள்ளைக் கார்னேஷன்கள் கடைக்கு வந்து இறங்கியிருந்தன.

“என் செண்டு மட்டும் தூங்கட்டும், மாப்பிள்ளைய விட்டுட்டு உன்னை பஸ்ல கட்டி இழுத்துட்டுப் போறேன் பாரு!” என்று நிறுத்தத்தில் நின்ற பஸ்ஸிலிருந்து அவள் கத்தினாள்.

அந்நேரம் காற்று எழுந்தது. மாடி உச்சியிலிருந்த கொடி கிழக்கு நோக்கிப் படபடத்தது. விற்பனை மந்தமான சலிப்பில் நெவில் ஒரு தொட்டிக் குமிழிகளை ஊதிவிட்டான். அவை கொடி காட்டிய திசையில் போகவில்லை. நேர் எதிராகச் சாலையைக் கடந்து, பஸ் புகையையும் கூட்டிக்கொண்டு, டானிட்சாவின் மூக்கில் வெடித்தன. மிஞ்சியவை அவள் முதுகுப்புறச் சுவரில் தொற்றி எட்டாம் மாடிவரை ஏறி, கூரையருகே காற்றிடம் உதை வாங்கித் தெருவுக்கு மேலே பறந்து, நெவிலின் சுவர் வழியே சறுக்கி இறங்கி, மறுபடி அவளை நோக்கிப் புறப்பட்டன.

அண்ணாந்து அண்ணாந்து பார்த்ததில் டானிட்சாவுக்குத் தலை கிறுகிறுத்தது. பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். டாக்டர் கூரையைத் தாண்டிப் போய் முதலில் பார்ப்பது நெவிலைத்தான். அப்புறம் தெருவைப் பெருக்கி, குப்பையை அவள் தலையில் கொட்டுகிறார்!

இரு கைகளிலும் வாளிகளோடு சாலையைக் கடந்தாள்.

“என்ன, ஜெயிச்ச இடம் கசந்துடுச்சா? நான் அங்க போய்ப் புகை குடிக்க மாட்டேன், சொல்லிட்டேன்!”

“உன்னை யாருய்யா போகச் சொன்னா? தள்ளி நில்லு!”

“தெருவே கேக்குற மாதிரி தோத்துட்டேன்னு சொல்லு, தள்ளுறேன்.”

“தோத்துட்டேன்! தோத்துட்டேன்! போதுமா? காலை எடு, பூ மிதிபடுது!”

கிளெனிஸ் சிரிப்பை அடக்க மாட்டாமல் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் கல்யாணம் முடிந்து, டாக்டர் வரும் நேரத்துக்கு அவள் கல்யாண உடையோடு தன் பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள். ஒட்டி நின்ற இரு கடைகளிலிருந்தும் குமிழிகள் எதிர்ச் சுவருக்குப் பாய்ந்தன. அவள் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிய செண்டில் ஒரு பூகூடக் கண் மூடவில்லை.