தலைப்பிரட்டைகளுக்காக ஒரு காது

ஜோகுபாளையம் டீக்கடையில் இதுதான் பேச்சு: தோட்டக்காரர் ஆம்ப்ரோஸ் ஒரு அபார்ட்மென்ட் செக்ரெட்டரியின் காதைக் கடித்துத் துப்பிவிட்டாராம். விசாரித்தால் அப்படியெல்லாம் இல்லை. காது பத்திரமாக இருக்கிறது, நான்கு தையலோடு. கடித்தது பொய், மண்வெட்டியால் அடித்தார்.

பீன்யா தொழிற்பேட்டையில் இருபது வருஷம் லேத் ஓட்டியவர், கம்பெனி மூடியதும் குளம் வெட்ட இறங்கினார். அவர் குளத்துக்கென்று சட்டம் உண்டு. மீன் கூடாது, மருந்து கூடாது, உரமூட்டை கேட்டைத் தாண்டக்கூடாது. தவளை ஏறிவர ஒரு கரை சரிவாக இருக்க வேண்டும். அல்லி, கோரை, வசம்பு நட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார். "வர்றவங்க தானா வருவாங்க."

வந்தார்கள். குளம் வெட்டச் சொன்ன அபார்ட்மென்ட்காரர்கள் கேட்டது அமைதியான இயற்கை. வந்து சேர்ந்ததோ அசல் இயற்கை. தும்பிப் புழு தலைப்பிரட்டையின் வயிற்றைக் கிழித்தது. மீன்கொத்தி தும்பிப் புழுவைக் கல்லில் அறைந்து கொன்றது. ஒரு பிறந்தநாளில் கேக் வெட்டும் நேரம் பார்த்து, தண்ணீர்ப்பாம்பு ஒரு தவளையைப் பின்னங்காலிலிருந்து நிதானமாக விழுங்கியது. தவளை கடைசிவரை கத்தியது. குழந்தைகள் கைதட்டினார்கள். பெற்றோர் வாட்ஸ்அப்பில் ஓட்டெடுப்பு நடத்தினார்கள், பாம்பு தோற்றது.

செக்ரெட்டரி ஸ்ரீஹர்ஷாவுக்குத் தேங்கிய தண்ணீரெல்லாம் ஒன்றுதான். மாசாமாசம் நிலத்தடி சம்ப் தொட்டியில் போடுகிற பிளீச்சிங் பவுடர், குளத்துக்கும் ஒரு வாளி.

ஆம்ப்ரோஸ் களை பிடுங்க வந்தபோது பாதி வாளி உள்ளே போயிருந்தது. கிழக்கு ஓரத்தில் தவளைகள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன.

"சார், வாளியைக் கீழ வைங்க."

"கிளீனிங் ரீ," என்றார் ஸ்ரீஹர்ஷா கன்னட மரியாதையோடு. " நம்ம அபார்ட்மென்ட், நம்ம தண்ணி."

"உள்ள உசுரு இருக்கு சார்."

"அதுக்குத்தானே போடறேன்."

மண்வெட்டி அப்போதுதான் எழுந்தது. விழுந்த ஸ்ரீஹர்ஷா, எழுந்து ஆம்ப்ரோஸின் மூக்கை உடைத்தார். இருவரும் கோரைக்குள் உருண்டார்கள். பாம்பு தன் பங்குக்கு ஆம்ப்ரோஸின் கட்டைவிரலைக் கடித்தது. விஷமில்லாத பாம்புதான், யார் தன் கட்சி என்று அதற்குத் தெரியவில்லை.

சத்தம் கேட்டு முதல் மாடி சாந்தகுமாரி இறங்கி வந்தார்.

"பெரிய பாத்திரம் ஏதாவது குடும்மா. வெறும் பாத்திரம், குழாய்த் தண்ணி ஆகாது."

இட்லி மாவு கரைக்கிற அண்டாதான் கிடைத்தது. பவுடர் எட்டாத மேற்கு மூலையில், மூக்கு ரத்தம் சொட்டச்சொட்ட ஆம்ப்ரோஸ் தலைப்பிரட்டைகளைத் தண்ணீரோடு அள்ளினார். இருநூறு தேறும்.

மறுநாள் குளத்தை மூடிப் பிளாஸ்டிக் புல் விரித்தார்கள். போலீசுக்கு யாரும் போகவில்லை. பாம்பு சங்கதி வெளியே தெரிந்தால் ஃபிளாட் விலை இறங்கிவிடும்.

அண்டா இப்போது ஆம்ப்ரோஸ் வீட்டு மொட்டைமாடியில். சாந்தகுமாரி மூன்று முறை ஃபோன் செய்துவிட்டார்.

"அண்ணா, என் அண்டா? நான் குக்கர்ல மாவு கரைச்சிட்டிருக்கேன்."

"பின்னங்கால் வந்திருச்சும்மா. முன்னங்கால் பாக்கி."

"எல்லாம் உசுரோட இருக்கா?"

"நூத்தி இருபது இருக்கு. மிச்சத்தை அதுங்களே தின்னுடுச்சு."

"சீக்கிரம் தின்னு முடிக்கச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை விருந்தாளி வராங்க."

ஞாயிறு வந்தது, விருந்தாளியும் வந்தார்கள். அண்டா வரவில்லை.