லாரிச் சத்தத்துக்கு எழாத வடிவு

கித்தேரியம்மாள் மனோதத்துவத் தாளில் இரண்டு முறை தோற்றவர். முதல் முறை முப்பத்தொன்று, இரண்டாம் முறை முப்பத்து நான்கு. மற்றத் தாள்களில் எல்லாம் தேறியிருந்தார். இந்த ஒன்றில் தேறாவிட்டால் ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் கிடையாது. 1959 ஜூனுக்குள் அது வராவிட்டால் ஒன்பது ஆண்டுகளாக நடத்திவந்த பள்ளிக்கூடம் வேறொருவர் கைக்குப் போய்விடும் என்று மிஷன் எழுத்து மூலமாகவே சொல்லிவிட்டது.

பள்ளிக்கூடம் பெருமாள்மலைக்குக் கீழே, காட் ரோடு என்கிற மலைப்பாதை வளைகிற இடத்தில் இருந்தது. ஓர் அறை, ஓர் ஆசிரியை, முப்பத்திரண்டு பிள்ளைகள். கடிகாரம் கிடையாது. காலையில் வெயில் வாசற்படியைத் தொட்டால் பள்ளி தொடங்கும். மாலையில் வத்தலக்குண்டு பஸ் மலையேறி வந்து வளைவில் ஹாரன் அடித்தால் முடியும். நான்கு மணிக்குச் சற்று முன்பின்னாக இருக்கும், அவ்வளவுதான். கோடையும் மழையும் மாறினாலும் இந்த ஏற்பாடு மாறவில்லை.

அவரைப் பெரிய மேதை என்று சொல்ல மாட்டேன். கரும்பலகையில் அவர் எழுத்து வலப்பக்கமாகச் சரியும். கணக்கில் அவசரப்படுவார். ஆனால் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளாமல் மனப்பாடம் செய்ய அவருக்கு வராது. தேர்வில் தோற்றதற்கும் அதுவே காரணம்.

பயிற்சிப் பள்ளியின் குறிப்புகள் மனோதத்துவத்தை ஐந்து பக்கத்தில் அடக்கியிருந்தன. எண்பது ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில் ஒரு பேராசிரியர் தத்துவத்திலிருந்து மனத்தைப் பிரித்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார். ஆட்களுக்கு ஒலியைக் கேட்கவைத்து, ஒளியைக் காட்டி, உள்ளே என்ன நிகழ்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். இது அகநோக்கு. கித்தேரியம்மாள் சிறு வயது முதல் படுக்குமுன் முழங்காலில் நின்று ஆத்தும சோதனை செய்தவர். அகநோக்கு என்றால் அதுதானே என்று நினைத்து, அன்றைய பாவங்களை நினைவுகூரும் முறையை ஒன்றரைப் பக்கம் விடையாக எழுதினார். இரண்டு முறையும் அதையே எழுதினார். இரண்டு முறையும் அந்தக் கேள்விக்குப் பூஜ்யம்.

பூஜ்யம் போட்டவர் பழனியைச் சேர்ந்த விரிவுரையாளர் சேனாதிபதி. இரண்டு முறை தோற்றவர்களுக்கு அவரவர் பள்ளியிலேயே கடைசியாக ஒரு வாய்மொழித் தேர்வு என்று பயிற்சிப் பள்ளி முடிவு செய்தபோது, பெருமாள்மலைக்கு வந்தவரும் அவரே. மார்ச் மாதம், காலை பஸ்ஸில் இறங்கினார். மதியம் வரை பாடம் நடத்துவதைக் கவனித்தார். 

இரண்டரை மணி இருக்கும். வளைவில் ஹாரன் கேட்டது. முப்பத்தொரு பிள்ளைகள் ஒரே நேரத்தில் எழுந்து சிலேட்டைப் பைக்குள் திணித்தார்கள்.

"டீச்சர், பஸ்ஸு! பஸ்ஸு!"

"ஏலே, உக்காருங்க! வாழைக்கா லாரிடா அது. போன வாரந்தான் பஸ் ஹாரன் மாதிரியே ஒண்ண வாங்கி மாட்டியிருக்கான்."

சேனாதிபதி நாற்காலியை விட்டு எழுந்தார். "என்ன டீச்சர், நான் வந்த அன்னைக்கே கடைய மூட்டை கட்டுறீங்க? ஒரு மணி வாங்கி அடிக்கக் கூடாதா?"

"மணி அடிச்சாலும் இப்படித்தாங்க சார் எந்திரிப்பாங்க. ரஷ்யால நாய்க்குச் சோறு வைக்கிறப்பல்லாம் மணியடிச்சாங்கல்ல, நான் இவங்களுக்கு ஹாரன் அடிச்சுப் பழக்கிட்டேன். தெரியாமப் பண்ணினது."

சேனாதிபதி அங்கேயே தேர்வைத் தொடங்கிவிட்டார். "அப்ப நடத்தைக் கொள்கைக்காரங்க சொல்றது சரி. வெளியில தெரியிறது போதும், மனசுன்னு ஒண்ணத் தேட வேணாம். அப்படித்தானே?"

"முப்பத்தொரு பேருக்குச் சரிங்க சார்."

"மிச்சம்?"

கித்தேரியம்மாள் மூன்றாம் வரிசையைக் காட்டினார். வடிவு என்ற எட்டு வயதுப் பெண் எழுந்திருக்கவே இல்லை. சிலேட்டில் கூட்டல் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கனவுக்கெல்லாம் அர்த்தம் சொன்ன வியன்னா டாக்டரு இருந்தா என்ன சொல்லுவாரு?" என்றார் சேனாதிபதி, வடிவைப் பார்த்தபடி.

"எந்திரிச்சவங்களுக்கு வீட்டுக்குப் போற ஆசை உள்ள ஒளிஞ்சு கெடக்கு, ஹாரன் சும்மா சாக்கும்பாரு. எந்திரிக்காதவளுக்கும் ஒரு ஒளிஞ்ச காரணம் வச்சிருப்பாரு. எப்படி நடந்தாலும் அவரு சொன்னது சரியாப் போயிரும். அதாங்க சார் அவருகிட்ட எனக்கு ஒத்து வரல."

"அப்ப இவ ஏன் எந்திரிக்கல?"

"எனக்குத் தெரியாதுங்க. அவளக் கேக்கணும்."

தேர்வில் தெரியாது என்று சொல்பவர்களை அவர் அதிகம் பார்த்திருக்க மாட்டார். கேளுங்கள் என்று கையை அசைத்தார்.

"வடிவு, ஹாரன் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு டீச்சர்."

"பெறகு ஏன் எந்திரிக்கல? தப்பு ஒண்ணும் இல்ல, சும்மா சொல்லு. கேட்டதும் உனக்குள்ள என்ன ஆச்சு?"

வடிவு யோசித்தாள். "எந்திரிக்கத்தான் வந்துச்சு டீச்சர். கால்கூட நீட்டிட்டேன். ஆனா பஸ்ஸுன்னா ஹாரனுக்கு முந்தியே மூச்சு வாங்கும்ல, ஏத்தத்துல முக்கிட்டே வரும். இது வழுக்கிட்டு எறங்குச்சு. அது பஸ்ஸு மாதிரியே இல்ல."

வகுப்பில் ஒருவன், "இவளுக்குக் காதுல இஞ்சின் வச்சிருக்கு டீச்சர்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

கித்தேரியம்மாள் சேனாதிபதி பக்கம் திரும்பினார். "மத்தவங்க ஹாரன மட்டும் கேட்டாங்க. இவ மொத்தத்தையும் கேட்டிருக்கா. முழுமைக் கொள்கைன்னு குறிப்புல நாலு வரி இருக்குல்லங்க சார், அது இதுதான். துண்டு துண்டாச் சேத்தா பஸ் வராது."

"அதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க? நடத்தையப் பாத்தா?"

"இல்லைங்க. அவளே உள்ள பாத்துச் சொன்னா. கால் நீட்டுனது வெளிய யாருக்கும் தெரியலையே." பிறகு தன் பழைய விடைத்தாளுக்கு வந்தார். "நீங்க போட்ட பூஜ்யம் சரிதாங்க சார். ஆத்தும சோதனைல என்ன தப்புப் பண்ணுனேன்னு கேக்குறோம். அவளத் தப்பு என்னன்னு கேட்டிருந்தா பயந்துபோயி வேற எதையாவது சொல்லியிருப்பா. என்ன நடந்துச்சுன்னு கேக்கணும். இந்த வித்தியாசம் எனக்கு இப்பத்தான் வெளங்குச்சு."

"ஜெர்மனிக்காரரு எட்டு வயசுப் பிள்ளைகிட்ட இதையெல்லாம் கேட்டிருக்க மாட்டாரு."

"அவருக்கு வடிவு கெடைக்கல."

சேனாதிபதி முதல் முறையாகச் சிரித்தார். ஆனாலும் மதிப்பெண்ணில் அவர் கை தாராளம் காட்டியதில்லை. தேறுவதற்கு நாற்பது வேண்டும், நாற்பத்திரண்டு போட்டார். குறிப்புப் பகுதியில், "விடைகள் பாடக்குறிப்பின்படி இல்லை. ஆனால் அவை விடைகள்தான்" என்று எழுதியிருந்தார். அவரிடமிருந்து வந்தால் அது பாராட்டுத்தான்.

ஒரு கொள்கையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றைத் திட்டும் படிப்பாளிகளைப் பார்த்திருக்கிறேன். கித்தேரியம்மாள் அப்படிச் செய்யவில்லை. எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டு தலையாட்டவும் இல்லை. எது யாருக்குப் பொருந்தியது, எங்கே நின்றுபோனது என்று பார்த்தார். பல தத்துவ வாசகர்களுக்கு அது கைகூடுவதில்லை.

சான்றிதழ் மே மாதக் கடைசியில் மாலை பஸ்ஸின் தபால் பையில் வந்தது. விடுமுறை நாள், வாசற்படியில் கித்தேரியம்மாளும், கூடவே காத்திருந்த வடிவும் மட்டும்தான். ஹாரன் அடிக்குமுன்பே வடிவு எழுந்து ரோட்டுக்கு ஓடிவிட்டாள்.