பெண் குரலுக்கென்று எழுதிய கிரேஸ் அக்கா

செவ்வாய்க்கிழமை காலை அல்லிநகரத்தில் பேருந்துக்கு நின்றிருந்தபோது, எங்கள் பாடகர் குழுவைச் சேர்ந்த ஜெசி கூப்பிட்டாள். "அக்கா, நம்ம கிரேஸ் அக்கா விடியக்காலம் தூக்கத்திலேயே போயிட்டாக." வந்த பேருந்தை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன்.

கிரேஸ் செல்வராணி அவர்களைப் போடி கடைவீதியில் ஏலக்காய் வியாபாரியாகப் பலரும் அறிவார்கள். எங்களுக்கு அவர் தேனி ஆலயத்தின் ஆர்கன் வாசிப்பாளர்; மாலை ஆராதனைக்கு இசை எழுதியவர்.

நான் குழுவில் சேர்ந்த புதிதில் மாலை ஆராதனைக்குரிய இரண்டு வேதாகமப் பாட்டுகளை, இயேசுவின் தாய் மரியாளின் பாட்டையும், சமாதானத்தோடு போக விடைகேட்கும் முதியவர் சிமியோனின் பாட்டையும், பழைய ஆங்கில மெட்டில்தான் பாடுவோம். அக்காவுக்கு அது பொறுக்காது. "நெடில இழுக்கலாம். குறில இழுத்தா கொட்டாவி விட்ட மாதிரில்ல இருக்கு!" என்பார்.

பிறகு குழுவின் தலைமை அவரிடம் வந்தது. ஒரு பெண் சொல்லி நாங்கள் பாடுவதா என்று குழுவிலிருந்த ஆண்கள் மொத்தமாக விலகிக்கொண்டார்கள். பேராயர் வரவிருந்த மாலை ஆராதனையோ நெருங்கிவிட்டது. ஆலயச் செயலர் பயிற்சி நடக்கும் இடத்துக்கே வந்துவிட்டார்.

"ஆம்பளைக் குரல் இல்லாம பாட்டு எப்படிம்மா நிக்கும்? ஒரு மன்னிப்பக் கேட்டு அவுகளக் கூப்பிடுங்க. இல்லேன்னா மதுரையிலருந்து வேற குழுவ வரச் சொல்லிருவேன்."

"தப்பு செஞ்சாத்தானங்க மன்னிப்பு? கீழ்க்குரல என் காலு பாத்துக்கிரும்." அடிச்சுரங்களுக்காகக் காலால் மிதித்து வாசிக்கும் ஆர்கன் கட்டைகளைக் காட்டினார் அக்கா.

இரண்டு பாட்டுகளையும் பெண் குரல்களுக்கும் ஆர்கனுக்குமாகப் புதிதாக எழுதினார். கடையில் காய் தரம் பிரிக்கும் மேசையில் எழுதிய அந்தத் தாள்கள் ஏலக்காய் மணத்தன. மரியாளின் பாட்டில், கடவுள் வலியவர்களை ஆசனத்திலிருந்து இறக்கும் வரியில், இறங்குவதை ஆர்கனிடம் விட்டுவிட்டு எங்கள் குரல்களை மேலே ஏற்றியிருந்தார். எங்களோடு பாடுகிற, சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போகும் புஷ்பம் அந்த உச்சத்தில் திணறி நின்றுவிட்டார்.

"எனக்கு எட்டலக்கா."

"தோட்டத்துல அந்தக் கோடியில நிக்கிறவள எப்படிக் கூப்பிடுவ? அப்படிக் கூப்பிடு, ஆத்தா."

புஷ்பம் கூப்பிட்டார். எங்கள் எல்லோருக்கும் புல்லரித்துவிட்டது.

ஆராதனையன்று ஆண்கள் கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். அந்த வரியில் ஆர்கன் அடியில் உறுமிக்கொண்டே இறங்க, நாங்கள் ஏறினோம். நான் அத்தனை பலமாகப் பாடுவேன் என்று எனக்கே தெரியாது. ஆராதனைக்குள் கைதட்டும் வழக்கம் எங்களுக்கில்லை. அன்று முதலில் தட்டியவர் செயலர்.

வாசலில், விலகிப்போனவர்களில் ஒருவரான, முன்பு கீழ்க்குரல் பாடிய பெரியவர் தயங்கியபடி வந்தார். "எங்களுக்கும் ஒண்ணு எழுதுவீகளாம்மா?"

"எழுதுறேன். ஆனா தாளம் நாஞ்சொல்றதுதேன்."

அவர் தலையாட்டினார். அடுத்த வாரம் ஆண்கள் திரும்பி வந்தார்கள். இன்று கெங்குவார்பட்டி வரை பெண்கள் அக்காவின் இசையைப் பாடுகிறார்கள்.

அடக்க ஆராதனைக்குச் சிமியோனின் பாட்டு போதும் என்றார் போதகர். நாங்கள் மரியாளின் பாட்டையும் கேட்டு வாங்கிப் பாடினோம். தோட்டத்திலிருந்து நேரே வந்த புஷ்பத்தின் விரல்களில் திராட்சைக் கறை காயவில்லை. பெட்டி வாசலைத் தாண்டியபோதும் அவர் குரல் உடையவில்லை.

சமாதானமாகப் போய் வாருங்கள், அக்கா. வெள்ளிக்கிழமை பயிற்சி உண்டு.