கழற்றாத கம்பளிக் கோட்டு

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் ரயிலில், உச்சி வெயிலில், கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளிக் கோட்டுடன் ஒரு பெண்மணி என் எதிரே அமர்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை. துரை வீட்டு ஆயாவாம். விடுமுறைக்குச் சீமை போன துரை குடும்பம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள இவரையும் அழைத்துப் போயிருக்கிறது. அன்று காலைதான் கப்பலில் திரும்பியிருந்தார்.

"இறங்கினதும் துரைசாணி கோட்டைத் திருப்பிக் கேட்டாங்க தம்பி. இந்த வெயில்ல உனக்கு எதுக்குன்னாங்க. அங்க பனியில அவங்க ஊர் சுத்தப் போனப்ப, புள்ளைய இதுக்குள்ள வச்சுத்தான் காப்பாத்தினேன். தரமாட்டேன்னு வந்துட்டேன். வேலையும் போச்சு."

எனக்கு ரத்தம் கொதித்தது. "இப்பவாவது கழட்டுங்கக்கா," என்றேன்.

"கழட்டினா அவங்க சொன்னது சரின்னு ஆயிடுமே!"

கோலாலம்பூரில் இறங்கி, ஒரு பொத்தானையும் அவிழ்க்காமல் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் நடந்தார். அந்தத் துரைசாணியை நான் பார்த்ததேயில்லை. இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது.