கடல் மாளிகையில் சாமிக்கு விட்ட வழி

கார்த்திகை மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், பூசையை முடித்து நான் எழுந்த வேளையில், கடலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஆள் ஒருவர் சிதம்பரம் கீழவீதியில் உள்ள எங்கள் வீட்டு வாசலில் நனைந்தபடி நின்றார். "எஞ்சினீயர் ஐயா வெடியக்காலம் போய்ட்டாருங்க" என்றார். என் மனைவியின் உடன்பிறந்த தம்பியும், கடலூர்க் கடற்கரையில் இன்று பலரும் வியந்து பேசும் கடல் மாளிகையைக் கட்டியவருமான எஞ்சினீயர் சபாநடேசன் அவர்கள், மஞ்சக்குப்பத்தில் தம் இல்லத்தில் சிவபதம் அடைந்தார்கள்.

வந்தவர் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "தனகோடி முதலாளி மாலை அனுப்பியிருக்காரு. ரெண்டு ஆளு தூக்கற மாலை" என்றும் சேர்த்துச் சொன்னார். துயரத்தால் கலங்க வேண்டிய என் நெஞ்சு, அம்மாளிகைக்கு உரியவர் அனுப்பிய அந்த மாலையின் பேச்சைக் கேட்டுக் கொதித்தது. திருநீறு பூசிய நெற்றியோடு சினம் கொள்வது முறையன்று என்பதை அறிவேன். எத்தனையோ ஊர்களில் அதைப் பிரசங்கமாகவே செய்திருக்கிறேன். ஆயினும் இக்கட்டுரையை அச்சினம் ஆறாத நிலையிலேயே எழுதுகிறேன். ஆறட்டும் என்று காத்திருந்தால் இதை எழுதவே இயலாது. அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

சபாநடேசன் அவர்களை அறியாதவர்களுக்காகச் சில சொல்ல வேண்டும். ஒல்லியான தேகம், கையில் எப்போதும் ஒரு குடை. மழைக்கு அதை அவர் விரித்து நான் அதிகம் கண்டதில்லை. அளப்பதற்கே அது பயன்பட்டது. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் பிறரைப் போல மேலே அண்ணாந்து பார்க்க மாட்டார். அங்கே நடமாடுகிறவர்களின் கால்களைப் பார்ப்பார். என் மகளின் திருமணத்தன்று தாய்மாமனாக வந்தவர், பந்தல் வாயிலில் கட்டியிருந்த வாழைமரங்களைக் கண்டதும் சீர்த்தட்டைக் கீழே வைத்துவிட்டார். "என்னா மாமா இது, பொண்ணும் மாப்பிள்ளையும் சேந்து நொழைய வேணாமா? ஒருத்தர் பின்னால ஒருத்தர் போறதுக்கு இதென்ன டிக்கட் வாங்கற எடமா?" என்று கேட்டு, முகூர்த்த நேரத்தில் மரங்களை அவிழ்த்து அகட்டிக் கட்டச் செய்தார். சம்பந்தி வீட்டார் முகம் சுளித்தனர். மணமக்கள் கைகோத்து நுழைந்தபோது அவர்களே மகிழ்ந்தனர்.

அரசாங்க உத்தியோகத்தில் அவர் நீடிக்கவில்லை. கீரப்பாளையத்துப் பக்கம் வாய்க்கால் ஒன்றின் மீது பாலம் கட்டும் வேலை அவரிடம் வந்தது. பாலத்தோடு நீரில் இறங்குவதற்குப் படிகளும் கட்டினார். பிளானில் படி இல்லை என்று மேலதிகாரி அவற்றை இடிக்கச் சொன்னார். இடித்தார்கள். அடுத்த வாரமே வேலையை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். "பாலத்து மேல போறவனுக்குத்தான் கெவருமெண்டாம் மாமா. கீழ எறங்கறவனுக்கு யாரு?" என்று கேட்டார். நான் மன அமைதியைப் போதிக்கும் சில திருமுறைச் சான்றுகளை எடுத்துரைத்தேன். "சொல்லுங்க, சொல்லுங்க. படிய இடிச்சவன் கிட்டயும் இதச் சொன்னீங்கன்னா தேவல" என்று சொல்லிவிட்டு, தம் அக்காள் வைத்த மோர்க்குழம்பைச் சாப்பிடப் போய்விட்டார்.

யுத்தம் முடிந்த மறு ஆண்டில் தனகோடி முதலாளி அவரை அழைத்தார். வேர்க்கடலையான மணிலாக்கொட்டை ஏற்றுமதியில் பெரும்பொருள் ஈட்டிய அம்மனிதர், தேவனாம்பட்டினத்துக்கு வடக்கே கடலை ஒட்டிய மணல்மேட்டை வாங்கியிருந்தார். சமஸ்தானாதிபதிகளும் சென்னைத் தனவந்தர்களும் பாண்டிச்சேரிப் பிரெஞ்சுக்காரர்களும் வந்து தங்கும்படியான உல்லாச விடுதி ஒன்றை அங்கே எழுப்ப வேண்டும் என்பது அவர் எண்ணம். "கட்டில்ல படுத்துக்கினே கடலு தெரியணும் சபாநடேசம். வெள்ளைக்காரன் பாத்து வாயப் பொளக்கணும்" என்றாராம்.

அம்மணல்மேட்டின் நடுவே ஒரு தடம் உண்டு. பக்கத்துக் கிராமத்துச் சிவன்கோயிலிலிருந்து மாசி மகத்தன்று உற்சவமூர்த்தியான சந்திரசேகரர் ஆட்களின் தோளில் எழுந்தருளி, அத்தடத்தின் வழியே கடலுக்குச் சென்று தீர்த்தமாடுவார். கரையோரத்து மீனவ மக்கள் அந்த ஒரு நாளுக்காக ஆண்டு முழுதும் காத்திருப்பார்கள். பத்திரத்தில் அத்தடம் குறிக்கப்படவில்லை. சபாநடேசன் அவர்கள் முதலாளியிடம் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்று: "சாமி வர்ற தடத்துல ஒரு செங்கல்லு வெக்க மாட்டேன். சம்மதம்னா நாளைக்கே வேலை." முதலாளி சிரித்தாராம். "அட வரட்டும்யா. வருசத்துல ஒரு நாளு. எனக்கும் புண்ணியந்தான."

அந்த வாய்ச்சொல்லை நம்பி அவர் கட்டத் தொடங்கிய முறையை நான் நேரில் கண்டேன். நூல் பிடித்து, ஆப்பு அடித்து, நேர்க்கோடு போட்டுத்தான் எவரும் அடித்தளம் குறிப்பார்கள். அவரோ சாமி தூக்கும் ஆட்களை வரவழைத்தார். சாமியை வைக்கும் விமானம் இல்லாமல், தோளில் தாங்கும் வெறும் தண்டில் சாமியின் எடைக்கு மணல் மூட்டைகளைக் கட்டி, வழக்கம்போல் தூக்கிக்கொண்டு கடல்வரை நடக்கச் சொன்னார். தண்டு தாங்கிகளின் தலைவரான மாணிக்கம் என்பவர் தயங்கினார். "நேரா போவணுமா ஐயா? சாமி மணல்ல நேரா போவாதுங்க. அசஞ்சி அசஞ்சிதான் போவும்."

"அசஞ்சே போங்க. சொவுரு ஒதுங்கிக்கும்" என்றார் இவர்.

அவர்கள் ஆடி அசைந்து நடக்க, இருபுறமும் இரண்டு பேர் சுண்ணாம்புத் தூளைத் தூவிக்கொண்டே சென்றார்கள். மணலில் விழுந்த அந்த வளைந்த வெள்ளைக் கோடுகளே கடல் மாளிகையின் சுவர்களாயின. இடையே வானம் பார்த்த வெளி, இருபுறமும் தெற்குக் கட்டு, வடக்குக் கட்டு. புன்னை மரங்களில் ஒன்றையும் அவர் வெட்டவில்லை. மரம் நின்ற இடங்களில் தாழ்வாரம் விலகிச் சென்றது. கட்டடம் தென்னங்குருத்துக்கு மேல் உயரக்கூடாது என்று ஒரே பிடிவாதம். சிமெண்டுக்குப் பர்மிட் கிடைக்காத காலமாதலால் சுண்ணாம்பையே அரைத்துக் கண்ணாடிபோல் மெருகேற்றினார். தாழ்வாரச் சுவர்களுக்குரிய ஓவியங்களை ஆலோசித்துச் சொல்லும் பணியை எனக்குத் தந்தார். பாற்கடல் கடைந்த வரலாறு முழுவதையும், இறைவன் வலையராய் வந்து வலைவீசிய வரலாற்றையும் நான் எழுதிக் கொடுத்தேன். பாதியை அடித்துவிட்டார். "மாமா, வெளியதான் அம்மாம்பெரிய கடலு கெடக்குதே. சொவுத்துலயும் ஜாஸ்தியா ஊத்துனா ஜனங்க முங்கிடுவாங்க" என்றார். எனக்குச் சற்று மனத்தாங்கல்தான். இப்போது அங்கே வலைவீசும் காட்சி மட்டும் தனியே நிற்பதைப் பார்க்கையில், அவர் செய்ததே சரியென்று படுகிறது.

சுவர்கள் இடுப்பளவு எழும்பியிருந்த ஆண்டு மாசி மகம் வந்தது. வளைந்த அச்சுவர்களின் நடுவே சந்திரசேகரர் அசைந்து வந்தபோது, தண்டின் முனை எந்த இடத்திலும் உரசவில்லை. சபாநடேசன் அவர்கள் தெற்குச் சுவரின் மேல் ஏறி நின்று கைகூப்பினார். அவரை அத்தனை மகிழ்ச்சியோடு பிறகு நான் கண்டதில்லை.

நாடு விடுதலை பெற்ற சில மாதங்களில் மாளிகை திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து வந்த பத்திரிகைக்காரர் ஒருவர், கடலலையின் நெளிவைச் சுவரில் பிடித்துவிட்ட கலைஞர் என்று இவரைப் புகழ்ந்து எழுதினார். தனகோடி முதலாளி அதைச் சட்டமிட்டு வரவேற்பறையில் மாட்டினார். "அலையுமில்ல, ஒரு மண்ணுமில்ல. அது மாணிக்கத்தோட காலு" என்று இவர் எல்லாரிடமும் சொன்னார். கேட்டவர்கள் அதையும் ஒரு நகைச்சுவையாகவே கொண்டார்கள்.

முறையீடுகள் ஒவ்வொன்றாகத் தொடங்கின. நடுவெளி வழியாக மணல் பறந்து வருகிறதாம். கரையோரத்துப் பிள்ளைகள் வந்து நின்று விருந்தினரை வேடிக்கை பார்க்கிறார்களாம். முதலாளி அங்கே ஓர் இரும்புக் கதவு போட்டார். கதவுதானே, அன்றைக்குத் திறந்தால் போயிற்று என்றார். மாசி மகமும் வந்தது. நண்பகல் வெயிலில் சாமி கதவண்டை வந்து நின்றது. கதவில் பூட்டுத் தொங்கியது. சென்னையிலிருந்து நியமிக்கப்பட்டிருந்த மேனேஜர் வெளியே வந்து, "சாவி முதலாளிகிட்ட இருக்கு சார், அவரு மெட்ராஸ் போயிருக்காரு. கெஸ்டுங்க சாப்பிடற நேரம், மேளத்த மட்டும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க" என்றார்.

தீர்த்தமாடும் முன் சாமியைத் தரையில் இறக்கும் வழக்கமில்லை. சுமந்தவர்களின் தோள் கன்றியது. சபாநடேசன் அவர்கள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுத் தாமும் தண்டுக்குத் தோள் கொடுத்தார். மதிலைச் சுற்றிக் கள்ளிவேலியின் ஓரமாக, முள்ளின் மீதே நடந்து, சாமியைக் கடலுக்குக் கொண்டு சேர்த்தார்கள். திரும்பி வந்தவரின் பாதங்களில் இரத்தம். "வேலி ஓரமா வுட்டுட்டேன் மாமா சாமிய" என்று மட்டும் சொன்னார்.

அதன்பின் அவர் ஏறாத படி இல்லை. அதிகாரிகள் தனியார் நிலம் என்றார்கள். முதலாளி பார்க்கலாம் என்றார். நானும் ஒருமுறை உடன் சென்றேன். கோயிலுக்குள் வர இயலாதவர்களை நாடித்தான் இறைவன் வீதிக்கு எழுந்தருளுகிறான் என்பதையும், அவன் புறப்பட்ட வழியை மறிப்பது எத்தகைய செயல் என்பதையும் ஒரு பிற்பகல் முழுதும் எடுத்துரைத்தேன். தனகோடி முதலாளி கைகட்டிக் கேட்டார். "நல்லாச் சொன்னீங்க சாமி. அதனாலதான் யோசிச்சேன். பளிங்குல ஒரு நடராசர் பண்ணி ஹால்லயே வெச்சிடறேன். சாமி பாவம், எதுக்கு வெயில்ல வந்து போவணும்?" என்றார். எனக்குப் பொன்னாடை போர்த்தினார். மறுநாள் கொத்தனாரை வரச் சொல்லிவிட்டார்.

நடுவெளியை அடைத்து ஒரு சாப்பாட்டு ஹால் எழுப்புவது என்று முடிவாயிற்று. அதற்கும் பிளான் போட்டுத் தரும்படி இவரையே கேட்டார்கள். இவர் மறுத்தார். வேறொருவர் வந்தார். சிமெண்டுக்குப் பர்மிட்டும் கிடைத்தது. அசைந்து செல்லும் இரண்டு சுவர்களுக்கிடையே பெட்டிபோல் ஒரு கட்டடம் நேராக நிமிர்ந்தது. இவ்வாண்டு மாசி மகத்திலும் சந்திரசேகரர் முள்ளோரமாகவே போனார். அன்று படுத்தவர்தாம் சபாநடேசன் அவர்கள். வைத்தியர் அதற்கு ஏதோ பெயர் சொன்னார். எனக்கு அப்பெயரில் நம்பிக்கையில்லை.

ஐப்பசியில் நான் பார்க்கச் சென்றபோது எழுந்து உட்கார முயன்றார். "கட்டுனதெல்லாம் நிக்குது மாமா. கட்டாம வுட்டது ஒண்ணே ஒண்ணு. அதத்தான் காப்பாத்த முடியல" என்றார். எல்லாம் அவன் செயல் என்று நான் தொடங்கினேன். கையமர்த்தினார். "ஈசன் மேல போடாதீங்க மாமா. அவரா சொவுரு வெச்சாரு?"

அவரைச் சாய்த்துப் படுக்கவைத்துவிட்டு அன்றிரவே ஊர் திரும்பினேன்.

மனைவியை முன்பே இழந்து மகப்பேறும் இல்லாதவராதலால், என் மூத்த மகனே காரியங்களைச் செய்தான். அஸ்தியைக் கரைக்கக் கடலுக்குச் சென்றபோது மழை சற்று விட்டிருந்தது. பெண்கள் வருவது வழக்கமில்லை எனினும், என் மனைவி பிடிவாதமாக வண்டியில் ஏறிக்கொண்டாள். மாளிகையின் முன் மேனேஜர் எங்களுக்காகக் காத்திருந்தார். "முதலாளி சொல்லியிருக்காரு. ஐயா கட்டுன எடம், அவர உள்ள வழியாவே எடுத்துக்கினு போங்க. ரெண்டு பக்கமும் கதவத் தொறந்து வெச்சிருக்கோம்" என்றார். உண்மைதான். சாப்பாட்டு ஹாலின் விளக்குகள் எல்லாம் ஏற்றப்பட்டிருந்தன. மேசைகளை ஒதுக்கிச் சமுக்காளம் விரித்திருந்தார்கள். வாசலில் நின்றபடியே நேரே கடல் தெரிந்தது. கலயத்தை ஏந்திய என் மகன் ஒரு காலை எடுத்து வைத்தவன், என் முகத்தைப் பார்த்தான்.

வண்டியிலிருந்து இறங்கி வந்த என் மனைவிதான் சொன்னாள்: "சாமிக்கு இல்லாத வழி எந்தம்பிக்கு வேணாம்பா. சுத்தியே போ."

மாணிக்கமும் அவருடைய ஆட்களும் முன்னே சென்று கள்ளியைக் கழியால் ஒதுக்கிக் கொடுத்தார்கள். மழையில் ஊறிய மணலில் கால் புதையப் புதைய, என் மகன் கலயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வேலியோரமாகவே நடந்தான். கடல் கலங்கிச் சேறாய்ப் புரண்டது. அவன் இடுப்பளவு நீரில் இறங்கிக் கலயத்தைக் கவிழ்த்தான். மேளமில்லை. மாளிகையின் தாழ்வாரத்தில் விருந்தினர் சிலர் எழுந்து நின்று பார்த்தார்கள்.

மச்சான், இறைவன் திருவடியில் அமைதியாக இருங்கள் என்று உங்களை வழியனுப்ப வேண்டியது என் முறை. எனக்கு வாய் வரவில்லை. அங்கே அவனைக் கண்டீர்களானால் உங்கள் பாதங்களைக் காட்டுங்கள். மாசியில் அவன் இங்கே வரும்போது, மாணிக்கத்துக்குப் பக்கத்தில் நானும் தோள் கொடுத்து வருகிறேன். சென்று வாருங்கள்.