கேக்குக்கு முட்டுக் கொடுத்த கைத்துவக்கு

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் ஒரு துவக்குச் சுடும் கழகத்தில் நானும் உறுப்பினர். அன்று பயிற்சி முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், பூட்டிய பெட்டியில் கைத்துவக்கைக் காருக்குள் பின்பக்கம் வைத்தபடி, மருமகளின் பிறந்தநாள் மண்டபத்துக்குப் போய்விட்டேன். நிறுத்திய காரில் துவக்கை விடக்கூடாது என்று தெரியும். அஞ்சு நிமிஷந்தானே என்று நினைத்தேன். எங்கள் மண்டபங்களில் அஞ்சு நிமிஷம் என்பது சாப்பாடு முடியுமட்டும்.

வெளியே வந்தால் காரைக் காணவில்லை! கார் போகட்டும், அந்தத் துவக்கால் யாராவது செத்தால்? பொலிசுக்குச் சொல்ல, போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு "ஹலோ, ஹலோ" என்று கத்தினேன்.

அப்போது என் கார் வந்து நின்றது. மனைவியின் தம்பி இறங்கினான்.

"அத்தான், கதிரையில தொங்கின உங்கட கோட்டுக்குள்ள கார்த் திறப்பு கிடந்தது. கேக் எடுக்கப் போனனான்."

"பின்னால ஒரு பெட்டி..."

"ஓம், கேக் வழுக்காம அதைத்தான் முட்டுக் குடுத்தனான். உள்ளுக்கு என்ன, ட்ரில் மெஷினோ?"

நான் பின்கதவைத் திறந்து பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தேன்.

இப்போதெல்லாம் துவக்கை வீட்டு இரும்புப் பெட்டகத்தில் பூட்டிய பிறகுதான் கொண்டாட்டம். பிந்திப் போவதால் எனக்குத் தின்ன ரோல்ஸ் மிஞ்சுவதில்லை. நித்திரை மட்டும் நன்றாக வருகிறது.