மணம் தெரியவில்லை என்று அவர் சொன்னார்

இரவெல்லாம் மின்சாரம் இல்லை. காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் பாலை முகர்ந்து பார்த்தேன். கெடவில்லை. அடுப்பில் வைத்தபோது மரகதம் டீச்சரின் தங்கை அழைத்தார். "அக்கா போயிட்டாங்க கலா." முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியிலிருந்து உடலை விழுப்புரம் வீட்டுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள்.

அவரிடம் படித்த உங்களில் பலருக்கு அந்த ஆண்டுவிழா நினைவிருக்கும். திண்டிவனம் பக்கத்தில் நாங்கள் வேலை பார்த்த பள்ளியில், மதிய உணவை ஓர் ஆசிரியர் ருசி பார்த்த பிறகுதான் பிள்ளைகளுக்குப் பரிமாறுவோம். அன்று தலைமையாசிரியரின் முறை. அவர் அதை டீச்சரிடம் தள்ளினார்.

"எனக்குக் கொஞ்ச நாளா மணமே தெரியல சார். வேற யாரையாவது பாக்கச் சொல்லுங்க" என்றார் டீச்சர். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"மூக்காலயா சாப்பிடப் போறீங்க? ஜல்தியா பாத்துட்டு வாங்க டீச்சர்" என்று சிரித்தார் அவர்.

விழாவுக்காக விடியலிலேயே சமைத்து மூடி வைத்த சாம்பார் ஊசத் தொடங்கியிருந்தது. டீச்சருக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள்.

விசாரணையில் தலைமையாசிரியர், "அப்படி எதுவும் அவங்க எங்கிட்ட சொல்லல" என்றார். என் காதால் கேட்டதை நான் சொன்னேன். தோழிக்காகப் பேசுகிறேன் என்று ஒதுக்கிவிட்டார்கள். பிள்ளைகள் மறுநாளே தேறினார்கள். டீச்சர் தேறவில்லை. இடமாற்றம் வந்தது. பேருந்து நிலையத்தில் ஒரு தாய் அவர் முகத்துக்கு நேரே, "எம்புள்ளைக்கு ஊசினத ஊத்துன மகராசி" என்றாள்.

சில ஆண்டுகள் கழித்து டீச்சருக்குக் கை நடுங்கத் தொடங்கியது. பார்க்கின்சன் என்றார் மருத்துவர். நடுக்கத்துக்கு வெகுகாலம் முன்பே சிலருக்கு மணம் போய்விடும் என்றும் சொன்னார். டீச்சர் என் பக்கம் திரும்பி, "நான் பொய் சொல்லல, பாத்தியா" என்றார். அதன்பின் நான் போகும்போதெல்லாம் சமையல்கட்டுக்கு அனுப்புவார். "இன்னா மணக்குதுன்னு வந்து சொல்லு. அதத் தொட்டுக்கினு சாப்பிடறேன்." மல்லாட்டை வறுபடுகிறது, வேர்க்கடலை வாசம் என்பேன். கேப்பைக் களி இரண்டு வாய் இறங்கும்.

சென்ற பொங்கலுக்கு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பார்க்க வந்தார், அவித்த முட்டைகளோடு. மாத்திரை நேரத்தில் முட்டை கொடுத்தால் மருந்து சரியாகப் பிடிக்காது, இரவில்தான் கொடுக்கிறோம் என்று தங்கை தடுத்தார். "டாக்டருங்க ஆயிரம் சொல்வாங்க. தெம்பு வேணாமாம்மா?" என்று அவர் தன் கையாலேயே ஊட்டினார். கூட வந்தவர் படம் எடுத்தார். அன்று மாலைவரை டீச்சரால் கட்டிலில் புரளக்கூட முடியவில்லை. கொதித்துக்கொண்டிருந்த என்னிடம் குழறிய குரலில், "அவர் தர்றத எப்பவும் நாந்தான் ருசி பாக்கறேன்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு, "விட்டுடு கலா" என்றார்.

அந்தப் பொறுமையை அவரோடு சேர்த்து எரித்துவிட்டோம். அன்று பள்ளியில் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் மட்டும் என்னிடம் இருக்கிறது.

ஞாயிறன்று அதே பள்ளியில் டீச்சரின் படத்திறப்பு. திறந்து வைப்பவர் அதே தலைமையாசிரியர். நிகழ்ச்சியை நடத்துவது நான். செய்யப்போவதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் இதைப் படிக்கும்போது அது நடந்து முடிந்திருக்கும். அவர் டீச்சரின் படத்தருகே வந்து நின்றதும் மைக்கில் கேட்பேன்: "மணம் தெரியலன்னு டீச்சர் உங்ககிட்ட சொன்னாங்களா, இல்லையா சார்?"

அவர் பதில் சொல்லும்வரை திரையின் கயிறு என் கையில்தான் இருக்கும்.